அவள் கால் மட்டும் ஆறியது

முருகனை நம்பி இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் கோமதி. வீடு மேலகரம். ஜாக்கெட் தைக்கிறவள். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சாமி எனக்குச் செய்ததை மட்டும் எழுதிவிட்டு, நான் செய்ததை மறைத்தால் அது சாட்சி ஆகாது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

போன வருஷம் சித்திரை மாதம் என் வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. கொப்புளம் உடைந்து புண்ணானது. புண் குழியானது. குழிக்குள் ஐந்து ரூபாய் நாணயத்தை வைக்கலாம் என்கிற அளவுக்கு வந்தபோதுதான் தென்காசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “இது சூடு பட்ட புண்ணு. எங்க மிதிச்சிய?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வலித்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்?

அது எங்கே பட்டது என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. எங்கள் முருகன் கோயிலில் செவ்வாய்க்கிழமை உச்சி பூசைக்குப் போவது என் பல வருஷ வழக்கம். வெளிப்பிரகாரக் கல் தீயாய்க் கொதிக்கும். தேங்காய் நார் விரிப்பு போட்டிருப்பார்கள். எல்லோரும் அதன்மேல் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நான் விரிப்பை விட்டு விலகி, வெறுங்கல்லில் நிதானமாக மூன்று சுற்று சுற்றுவேன். கூட வருகிறவர்கள், “கோமதிக்குப் பாரேன், முருகன் பூவா விரிச்சிருக்கான்” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அருள் என்று நினைத்தேன். நரம்பு செத்துப் போயிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் டிரெஸ்ஸிங். அங்கேதான் வசந்தாவைப் பார்த்தேன். சுந்தரபாண்டியபுரத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவளுக்கும் வலது கால், அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே பெஞ்சில் உட்காருவோம். முதல் மாதம் அக்கா தங்கையாகத்தான் இருந்தோம். அவள் புண் சுருங்க ஆரம்பித்தது. என்னுடையது அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியது. சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து எல்லோரும் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனோம். நான் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வடைக் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஆயிரம் கால்கள் போகின்றன. ஈரக் கால்கள், கிழவிகளின் கால்கள், கொலுசுக் கால்கள், சேறு அப்பிய கால்கள். ஒன்றிலாவது கட்டு இருக்கிறதா என்று தேடினேன். ஒருத்தர் நொண்டிக்கொண்டு போனார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆகிவிட்டேன் நான். சோறு இறங்கவில்லை, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. தையல் மிஷினில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் அதன்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

புண் ஆற வேண்டும் என்று ஒரு வேண்டுதல் வைத்தேன். செவ்வாய்தோறும் மூன்று சுற்றை ஒன்பதாக்கினேன். கட்டோடுதான், செருப்பில்லாமல்தான். டாக்டரம்மா, “கால ஊனுதியளா?” என்று கேட்கும்போதெல்லாம், “வீட்ட விட்டே இறங்கல” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

வசந்தாவும் டிரெஸ்ஸிங் முடிந்து அதே கோயிலுக்குத்தான் வருவாள். ஆனால் உள்ளே வர மாட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்துச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே ரோட்டோரத்தில் நின்று ஒரு கும்பிடு போடுவாள். அவ்வளவுதான் அவள் பக்தி. ஒரு தடவை என்னிடம், “யக்கா, வெறுங்காலோட போறியளே, பாத்துக்கோங்க” என்றாள். “எனக்கு முருகன் இருக்கான், நீ ஒன் சோலியப் பாரு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் அவள் புண் முழுதாக மூடிவிட்டது. நர்ஸம்மா எல்லோருக்கும் அதைக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. அன்று கோயிலில் நான் என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். “முருகா, ஒன்ன ஒன்பது சுத்துச் சுத்துதது நான். வாசல்ல நின்னு போறவளுக்கா குடுத்த? எனக்கு ஆறலன்னா அவளுக்கும் ஆறக்கூடாது.” சாமி முன்னால் நின்று இதைக் கேட்டேன்.

அந்தச் சமயத்தில் நர்சிங் காலேஜில் படிக்கும் ஒரு பெண் ஆய்வுக்காக வந்தாள். கால் புண் வந்தவர்களின் மனசு என்ன பாடுபடுகிறது என்பதுதான் அவள் படிப்பு. ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். தூக்கம் வருகிறதா, அழுகிறீர்களா, அடுத்தவர்களைக் கண்டால் பொறாமை வருகிறதா? அதுவரை என் புண்ணின் நீளம் அகலம் கேட்டார்கள், சர்க்கரை எத்தனை என்று கேட்டார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பொறாமைக் கேள்விக்கு, “சேச்சே, எனக்கு எதுக்குப் பொறாம?” என்றுதான் சொன்னேன். அவள் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு நாளாக உள்ளுக்குள் காய்ச்சல், யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது சுற்றில் ஒரு பெரியவர், “ஏ, யாரு கால்லயோ ரத்தம் வருது, பாருங்க!” என்று சத்தம் போட்டார். கல்லில் வரிசையாகச் சிவப்புக் கறை. நானும் சுற்றி நின்றவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலை சுற்றி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலுக்குள் ரத்தம். விரிப்பில் நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்போது வாசல் பக்கமிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். வசந்தா! செருப்பை ரோட்டிலேயே உதறிவிட்டு, விரிப்பில் கூட்டம் நின்றதால் கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு ஓடி வந்தாள். மூடி இரண்டு மாதம்கூட ஆகாத காலோடு. அவளுக்கும் சூடு தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

“யக்கா, எந்திங்க. எம்மேல சாஞ்சுக்கோங்க.”

“ஏட்டி, ஒன் காலு! ஒன் காலு போச்சுட்டி!” என்று அலறினேன்.

ஆட்டோவில் என் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். “நீங்க உள்ள போறிய, நான் வெளிய நிக்கேன்னு செவ்வா செவ்வா எனக்குப் பத்திக்கிட்டு வரும்க்கா. அதான் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன்” என்றாள். ஒரே பெஞ்சில் பத்து மாதம் உட்கார்ந்து, ஒருத்தியை நினைத்து ஒருத்தி வெந்திருக்கிறோம்.

அந்த ஆட்டோவில்தான் நான் உண்மையாக வேண்டினேன். என் கால் போனாலும் போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. “முருகா, என் காலையும் பாரு. ஆனா மொதல்ல இவ காலப் பாரு” என்று சொன்னேன். ‘மொதல்ல’ என்ற வார்த்தை என் வாயிலிருந்து அவளுக்காக வந்தது எனக்கே ஆச்சரியம்.

எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்தது. “பெருவிரல எடுக்கணும். அதோட நிக்குமா, முழங்கால் வரைக்கும் போகுமான்னு ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா. வசந்தாவின் கால் சிவந்திருந்தது. கொப்புளம் அப்புறமும் கிளம்பலாம் என்று அவளையும் வரச் சொன்னார். அந்த நாட்களில் வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம், “வசந்தாக்கு ஒண்ணுமில்லயே? போன் போட்டுக் கேட்டியளா?” என்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக் காட்டினாள். சிவப்பு இறங்கியிருந்தது. ஒரு சின்னக் கொப்புளம்கூட இல்லை. நான் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் காலில் சீழ் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா அன்று சாயங்காலம் சொன்னார். ஒரு விரலோடு போயிற்று. கால் எனக்கு மிஞ்சியது.

அந்தப் படிக்கிற பெண் மறுபடி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பிரகாரம், பொய், சாமியிடம் கேட்ட கெட்ட வரம், எல்லாமே. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, “புண்ணு மனசக் கெடுக்கும், மனசு கெட்டா புண்ணு ஆற நாளாகும். இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, அம்மா?” என்றாள். அடுத்தவளுக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான் என் கதை. ஆனால் மிச்சக் காலை முருகன் காப்பாற்றிக் கொடுத்தான். நான் கெட்டதைக் கேட்டபோது பேசாமல் இருந்தவன், அவளுக்காகக் கேட்டபோது உடனே காது கொடுத்தான்.

பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவளுக்குப் பத்து விரல் இருக்கிறது. செருப்பு அவளுக்கு அழகாக நிற்கிறது, எனக்குக் கோணுகிறது. சுருக்கென்று குத்தும். குத்தினால் இப்போது அவளிடமே சொல்லிவிடுகிறேன். அவள் சிரிக்கிறாள்.

கால் மரத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் செருப்போடு வாசலிலேயே நின்றால் முருகன் கோபிக்க மாட்டான். உங்களுக்கு யாரைக் கண்டால் பத்திக்கொண்டு வருகிறதோ, அவர்கள் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை வேண்டிப் பாருங்கள். வாய் வராது. கஷ்டப்பட்டாவது வேண்டுங்கள். இப்போது செவ்வாய்தோறும் நானும் வசந்தாவும் வாசலுக்கு வெளியே நிற்கிறோம். நம் உள்ளங்கால் நமக்குச் சரியாகத் தெரியாது. அதனால் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, என் காலை அவளும் அவள் காலை நானும் திருப்பிப் பார்க்கிறோம். அப்புறம்தான் கும்பிடுகிறோம்.