கறுத்துப்போன மோதிரம்

நகைக்கடைக்குச் சிரித்த முகமாக வருகிறவர்கள் விற்பனைப் பக்கம் போய்விடுவார்கள். அறுந்தது, நசுங்கியது, கறுத்தது என்று வருகிறவர்களுக்குத்தான் பழுது கவுண்டர். ஆம்பூர் பஜாரில் ஒரு கடையில் அந்த நாற்காலி பதினெட்டு வருடமாக எனக்கு. அடுத்தவர் செய்ததற்கெல்லாம் பேச்சு வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

கழற்ற முடியாத கம்மல்

ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வந்தார். வேலைக்கு நடுவே காதைத் தொட்டிருக்கிறார். கையிலிருந்த பசை கம்மல் திருகாணியில் இறுகிவிட்டது. மூன்று நாளாக ஒரே பக்கம் படுத்துத் தூங்குகிறாராம். தேங்காய் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் மெல்லத் திருகிக் கழற்றினேன். காது வீங்கிச் சிவந்திருந்தது.

"வேலைக்குப் போறப்ப வீட்ல கழட்டி வச்சுட்டுப் போங்கம்மா" என்றேன். அவர் சொன்னார்: "வைக்கலாம் சார். சாயந்தரம் நான் வர்ற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு அத வச்சிருக்கணுமே."

மாமனார் போட்டது

சங்கர் என்ற இளைஞர் மோதிரத்தைக் கவுண்டர் கண்ணாடி மேல் எறிந்தார். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். காவேரிப்பாக்கத்தில் விவசாயம் பார்க்கும் மாமனார் போட்ட அரைப் பவுன் மோதிரம், அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. செம்புக்குத் தங்க முலாம் பூசி ஏமாற்றிவிட்டார் என்பது அவர் முடிவு. நிஜத் தங்கத்தோடு வந்தால் போதும் என்று மனைவியை அப்பா வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

உள்பக்கம் ஹால்மார்க் முத்திரை இருப்பதைக் காட்டினேன். "முத்திரை இன்னா சார் முத்திரை, எவன் வேணா குத்துவான். பொண்ணு குடுக்கிறப்பவே ஆயிரம் பொய் சொன்னவரு, மோதிரத்துல மட்டும் நெஜம் சொல்லிடுவாரா?"

மெஷின் சொன்ன தீர்ப்பு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மாமனார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மருமகன் வாசல் பக்கம். நடுவில் அந்தப் பெண், கவிதா, யார் பக்கமும் நிற்காமல் நின்றாள். தங்கம் மட்டமென்று வந்தால் அவள் மறுபடியும் காவேரிப்பாக்கம் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

மோதிரத்தைத் தரம் பார்க்கும் மெஷினில் வைத்தேன். சுத்தமான இருபத்திரண்டு கேரட். பிறகுதான், ஷெட்டில் என்ன வேலை என்று சங்கரைக் கேட்டேன். தோலில் ரோமம் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டி. அவ்வப்போது கழிவுத் தொட்டியையும் சுத்தம் செய்வாராம். அழுகின முட்டை நாற்றம் அடிக்குமா என்றேன். அடிக்கும் என்றார். கறுக்க வைப்பது அந்தக் காற்றுதான், தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் அது பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். வேலைக்குப் போகும்போது கழற்றி மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள், மாதம் ஒரு தடவை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுங்கள் என்று அதன் பராமரிப்பையும் சொல்லிக்கொடுத்தேன். குடும்பம் ஒன்றைச் சேர்த்து வைத்த பெருமை எனக்கு.

மாமனார் எழுந்து, மெருகு போட்ட மோதிரத்தை மருமகன் விரலில் தானே மாட்டினார். "மோதிரத்த தினமும் கழட்டி வைங்க மாப்ள. எம்பொண்ண மட்டும் கழட்டி வுட்டுடாதீங்க."

அளவு குறைக்க

ஆடி கழிந்து ஒரு நாள் கவிதா மட்டும் வந்தாள். மோதிரத்தைத் துணியிலிருந்து பிரித்து வைத்தாள். புதிதாக வாங்கியது போல் இருந்தது. "நல்லா பாத்துக்கிறீங்களே" என்றேன். தன் விரலுக்கு அளவு குறைக்க வேண்டும் என்றாள். அவர் போடவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

கழிவுத் தொட்டி சுத்தம் பண்ண முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்திருக்கிறார். அவரைத் தூக்க சங்கர் இறங்கியிருக்கிறார். இரண்டு பேரையும் கயிறு கட்டித்தான் மேலே எடுத்தார்களாம். மாதம் ஒன்று ஆகிறது என்றாள். அளவு வளையத்தை எடுத்தேன். அவள் விரலை நீட்டினாள்.

அவள் குரலில் என் மேல் கோபம் எதுவும் இல்லை. "நீங்க சொன்னாப்லயே அன்னிக்கும் கழட்டி எங்கைல குடுத்துட்டுத்தான் போனாரு சார். பாருங்க, கொஞ்சங்கூட கறுக்கல."

எந்தக் காற்று தங்கத்துக்கு ஆகாது என்று இந்த ஊரில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அது ஆளுக்கு ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.