செத்த மறுநாள் போட்ட கையெழுத்து

புது வருஷம் பிறந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு புத்திமதி சொல்லிவிட்டார்கள். ஏதாவது ஒன்றை விடு என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாரம். கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. அது போக எழுத்து வேலை மூன்று. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை. பஸ் டிப்போ தொழிலாளர் சங்கத்தின் அறுபதாம் ஆண்டு மலரை எழுதித் தருவதாக வேறு ஒப்புக்கொண்டிருந்தாள். போதாததற்குப் போன வருஷம் தொடங்கிய குடும்ப வரலாறு.

"மூணு அடுப்பை ஒண்ணா பத்த வச்சா எது தீயுதுன்னே தெரியாது" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு மூணடுப்பு என்றே பெயர்.

மூணடுப்பு எதையும் விடவில்லை. விடு என்று சொன்னால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஜாதி அவள். பீரோக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினாள். திங்கள், செவ்வாய் தொடர்கதை. புதன், வியாழன் மலர். ஞாயிறு குடும்பம். அட்டவணை ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

குடும்ப வரலாற்றில் பாதி, பெரியப்பா வாய்மொழியாகச் சொன்னது. எண்பத்து நாலு வயது, ஞாபகம் மட்டும் கத்தி. அவருடைய தங்கை, அதாவது மூணடுப்பின் அத்தை, பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார். மார்ச் நாலாம் தேதி என்று வருஷத்தோடு சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. மூணடுப்பு வீட்டுக்கு வந்து அதை ஆறு வரியில் எழுதினாள். பகலெல்லாம் சொன்னதைச் சொன்னபடி டைப் அடிக்கிறவள்தான். ஆனால் தொடர்கதை எழுதிப் பழகிய கைக்குச் சாவு என்றால் மழை பெய்தாக வேண்டும். பெய்தது.

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்துக்கு ஒதுக்கிய நாளில், அட்டவணை குழம்பிப் போய் டிப்போவில் உட்கார்ந்திருந்தாள். சங்கச் செயலாளர் பழைய வருகைப் பதிவேடுகளை மேஜையில் போட்டுவிட்டுப் போனார். முதல் பெண் ஊழியர் யார் என்று மலரில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டுமாம். டிக்கெட் கட்டுகளைச் சரிபார்க்கும் அறையின் பதிவேட்டைப் புரட்டினாள். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் அவளுடைய தாத்தாவின் பெயர். முகவரிக் கட்டத்தில் பெரியப்பா இன்றும் குடியிருக்கும் வீட்டின் கதவு எண். பெயர் அத்தையுடையது. நாலாம் தேதி செத்தவள், அதே வருஷம் அதே மார்ச் ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆறாம் தேதியும் போட்டிருந்தாள். அப்புறம் அடுத்தடுத்த பதிவேடுகளில் முப்பத்தொன்பது வருஷம் போட்டிருந்தாள்.

மூணடுப்புக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த கோபத்தில் பதிவேட்டைப் படாரென்று மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அவளும் மழை ஊற்றிப் பரிமாறியிருக்கிறாள்.

ஓய்வு பெற்றவர்கள் பட்டியலில் முகவரி இருந்தது. மறுநாள் சாயங்காலம் போனாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, முதுகு நிமிர்ந்திருந்தது. அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஆறு வரியை இரண்டு தரம் படித்தாள்.

"நல்லாத்தான் செத்திருக்கேன். மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"என்ன நடந்துச்சு அத்தை?"

"எனக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சாங்க. வேலை கிடைச்சிருக்கு, வேலைக்குத்தான் போவேன்னேன். வாசப்படி தாண்டினா செத்துட்டேன்னு தலை முழுகிடுவேன்னான் உங்க பெரியப்பன். தாண்டினேன்." பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஆறு வரியையும் கோடு போட்டு அடித்தாள். மேலே ஒரு வரி எழுதினாள்: பத்தொன்பதாவது வயதில் வேலைக்குப் போனார். "இதுக்கு மேல நீ எழுது. ஆனா அழ வைக்காதே."

விஷயம் தெரிந்ததும் அண்ணன் பதறினான். "ஏம்மா வேலியில போறதை எடுத்து வேட்டியில விடற? பெரியப்பா இருக்கற வரைக்கும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்."

"அவர் இருக்கற வரைக்கும்னா, அத்தை இருக்காங்களே, அதுக்கு என்ன கணக்கு?"

தொடர்கதையில் இரண்டு வாரம் நாயகியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, அத்தையைப் பதினாலு பக்கம் எழுதினாள். பெரியப்பாவுக்கே பதினொன்றுதான். அதன் சுருக்கம் டிப்போ மலருக்கும் போனது. பிப்ரவரியில், அச்சுக்குப் போவதற்கு முன் எல்லோரும் பார்க்கட்டும் என்று பிரதியைப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் வைத்தாள். அவர் புரட்டிக்கொண்டே வந்து தங்கையைப் பற்றிய பக்கத்தில் நின்றார். அண்ணி சுவரைப் பார்த்தாள்.

"இவ செத்துட்டா. இதை எடுத்துடு. இல்லேன்னா என் பேரை எடுத்துடு. என் பிள்ளைங்க, பேரன் பேத்தி ஒருத்தர் பேரும் இதுல வரக்கூடாது."

குடும்பத்தில் பாதி அந்தப் பட்டியலில் அடங்கும். ஒரு வருஷ உழைப்பு. ஆனாலும் மூணடுப்பின் குரல் கோர்ட்டில் வாக்குமூலத்தைத் திருப்பிப் படிக்கிற குரலாகவே வந்தது.

"நீங்க ஒருத்தரை எடுத்தீங்க பெரியப்பா. நான் யாரையும் எடுக்கறதா இல்லை. உங்களையும்தான்."

"என்னை எதிர்த்துப் பேசற அளவுக்கு வந்துட்டியா?" மேஜையில் ஓங்கித் தட்டினார். பிரதி கீழே விழுந்தது. "செத்தவளை எந்தச் சீமையில போய்த் தேடிப் புடிச்ச?"

குனிந்து தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எந்தச் சீமைக்கும் போகல. இந்த வீட்டு வாசல்ல பஸ் ஏறினேன். ரெண்டாவது ஸ்டாப்புல இறங்கினேன்."