தனியாக வந்தால் துப்பாக்கி இல்லை

என் தங்கை கொரீன் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஓஸார்க் மலைச் சாலைகளில், பனி உறைந்த பாலங்களின் மேல், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். அக்கா என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் அவளுடைய கோப்பு இருக்கிறது. அதில் விபத்து என்ற பக்கம் வெறுமையாக இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

அந்த வேலை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது வலது தோளை. பழைய பஸ்ஸில் கதவைத் திறக்க ஒரு நீளமான இரும்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது தடவை. இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்த பிறகும் அந்தக் கை தோளுக்கு மேலே போவதில்லை.

அவள் கணவன் ஹார்லன் இறந்து ஆறு வருஷமாகிறது. சரளைக்கல் சாலையின் கடைசியில் இருக்கும் வீட்டில் தனியாக இருக்கிறாள். பக்கத்து நிலத்தை டெக்ஸஸ்காரர் ஒருவர் வாங்கிப் போட்டிருக்கிறார். மான் வேட்டைக்காலத்தில் பத்து நாள் வருவார். மற்ற நாட்களில் இரண்டு மைல் சுற்றளவில் யாரும் இல்லை.

போன ஜூலையில் ஒரு நாள் காலை, பத்தரை மணி. கொரீன் தோட்டத்தில் பீன்ஸ் பறித்து வாளியோடு சமையலறைக்குள் வந்தாள். ஃபிரிட்ஜுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் நின்று மோர்க் குடுவையை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் கடைசி வரிசைப் பையன்களை அடக்கும் குரலில், "கீழ வச்சிட்டு வெளிய போ" என்றாள். அவன் வைத்தான். ஃபிரிட்ஜ் கதவைக்கூட ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனான். ஷெரிஃபின் போலீஸ் ஆள் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

என்னிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் மகன் கென்ட் சிரிக்கவில்லை. கான்ஸஸ் சிட்டியில் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். மறு சனிக்கிழமையே வந்துவிட்டான்.

"அம்மா, என் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு அப்பார்ட்மெண்ட் பாத்திருக்கேன். லிஃப்ட் இருக்கு."

"எனக்கு எதுக்குடா லிஃப்ட்? நான் என்ன பியானோவா?"

"சரி, அப்பாவோட வேட்டைத் துப்பாக்கிய எடு. தோள்ல வச்சுக் காட்டு. இந்தப் பேச்சையே விட்டுடறேன்."

அவள் எடுத்தாள். பாதி உயரத்தில் கை நின்றுவிட்டது. பிறகு அவனே இறங்கி வந்தான். அவளால் தூக்கிச் சுடக்கூடிய ஒரு துப்பாக்கி உலகத்தில் இருந்தால், அதை அவள் சுட்டுக் காட்டினால், அவள் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் நவம்பர் கடைசியில், வான்கோழி விருந்தோடு வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள் வீட்டை விற்றுவிட வேண்டும். சம்மதம் என்று கொரீன் கை கொடுத்தாள். கை கொடுத்தால் அவள் மாற மாட்டாள் என்று அவனுக்கும் தெரியும்.

சின்னக் கைத்துப்பாக்கியைக் கடையில் கையில் எடுத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தெட்டு மைல் ஓட்டிக்கொண்டு, துப்பாக்கி விற்பதோடு வாடகைக்கும் கொடுத்துச் சுட விடும் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எங்கே போனாலும் அப்படித்தான்.

கவுண்டரில் இருந்தவர் பெயர் டுவெய்ன். அவளுடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யார் வந்திருக்காங்க மேடம்?" என்று கேட்டார்.

"யாரும் வரல."

"அப்ப குடுக்க முடியாது மேடம். சொந்தத் துப்பாக்கி இல்லாம தனியா வர்றவங்களுக்கு நாங்க வாடகைக்குத் தர்றதில்ல. கூட ஒருத்தர் வரணும்."

"எதுக்கு?"

அவர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். "இங்க விதி அப்படி மேடம்."

கிழவி என்பதால் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்திருக்கிறாள். பழைய சிநேகிதி ஓப்பல் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். தன் பெயரே அவளுக்கு நினைவில்லை. பாதிரியார் மனைவியைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்கத் தெரிந்துவிடும். முடி வெட்டும் லூயல்லாவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் அதிக வேலை. நாலாவது பெயர் கிடைக்கவில்லை.

அப்போது நாற்பது வயதுக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அவள் பஸ்ஸில் போன பிள்ளை. எந்த நிறுத்தத்தில் ஏறுவான், எந்த வருஷம் முன்பல் விழுந்தது என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது. அவர் தலையை ஆட்டி, "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தெரியாதவர்களுக்குச் சொல்லும் வணக்கம். அவள் அவரைக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இது எனக்குத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து.

"அக்கா, ஒரு நாள் வந்துட்டுப் போக முடியுமா?" என்றாள் போனில். "துணைக்கு ஒரு ஆள் வேணுமாம். சும்மா நின்னாப் போதும்."

நான் ஆர்கன்ஸாவில் இருக்கிறேன், நாலு மணி நேரத் தூரம். ஹார்லன் இறந்தபோது கூப்பிடாமலே போனேன். அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் அவள் என்னை வரச் சொன்னதில்லை. அடுத்த வியாழக்கிழமை காலை, விடிந்ததும் ஏழேகாலுக்குப் புறப்பட்டேன்.

டுவெய்னுக்கு அவளை நினைவிருந்தது. "ஓ, ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா! இவங்க உங்க சிநேகிதியா?"

"எங்க அக்கா."

"அக்காவா? தங்கச்சின்னு நினைச்சேன்."

கொரீன் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவ்வளவு கண் கெட்டவன்கிட்ட துப்பாக்கி வாங்கலாமா?"

கையெழுத்துப் போட்டோம். காதுக்கவசமும் கண்ணாடியும் கொடுத்தார்கள். டுவெய்ன் ஒரு தட்டில் மூன்று துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வந்தார்.

முதலாவது உள்ளங்கை அளவு. "பொம்பளைங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. சின்னது, கைப்பையில போட்டுக்கலாம்" என்றார். பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். கொரீனால் இழுக்க முடியவில்லை. அவரே இழுத்துக் கொடுத்தார். ஆறு தோட்டா சுட்டாள். தாளில் பட்டது இரண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"இது துப்பாக்கியா, கோவேறு கழுதையா?"

"சின்னதுதான் மேடம் பலமா உதைக்கும். கனம் இல்லையா, உதை அத்தனையும் கைக்கு வந்துடும்."

இரண்டாவது ஐந்து தோட்டா ரிவால்வர். இழுத்துவிட எதுவும் இல்லை. ஆனால் விசை கடினம். ஒரு விரலால் முடியாமல் இரண்டு விரலால் அழுத்தினாள். அழுத்த அழுத்த முனை ஆடியது. ஐந்தில் ஒன்று தாளின் ஓரத்தைக் கிழித்தது. அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். வேடிக்கைப் பேச்சு நின்றுவிட்டது. கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் டுவெய்னும் நின்றோம்.

"அன்னிக்கு விதி எதுக்குன்னு கேட்டாங்க" என்றார். "சொல்ல வாய் வரல. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் தனியா வந்தாரு. நல்லாப் பேசினாரு. ஒரு துப்பாக்கி வாடகைக்கு எடுத்தாரு. திரும்ப வீட்டுக்குப் போகல. அதிலேருந்துதான் இப்படி. கூட ஒருத்தர் இருந்தா அது நடக்காது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொரீன் போன பக்கம் திரும்பிப் பார்த்தேன். சும்மா நின்றால் போதும் என்று நினைத்து வந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு கடைக்காரருக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி எனக்கு ஆறு வருஷமாகத் தோன்றவில்லை.

கொரீன் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். அவளை நடைவழியில் நிறுத்தினேன். டுவெய்ன் நகர்ந்து போய்விட்டார்.

"கொரீன், ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. இதை எதுக்கு வாங்கற? உன்னையே ஏதாவது பண்ணிக்கவா?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஹார்லன் போன முதல் குளிர்காலத்துல நினைச்சேன்" என்றாள். "ரெண்டு மூணு நாள். அதுல ஒரு நாள் உனக்கு போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா? பிஸ்கட்டுக்கு எவ்வளவு மோர் ஊத்தணும்னு கேட்டேன்."

நினைவிருந்தது. முக்கால் கப் என்று சொன்னேன். துணி துவைக்கும் மெஷின் நிற்கிறது என்று போனை வைத்தேன். மோர் ஊற்றிச் சுடும், பன் மாதிரியான எங்கள் ஊர் பிஸ்கட்டைப் பத்து வயதிலிருந்து சுடுகிறவள் அளவு கேட்டால் அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இப்ப?"

"இப்ப அது இல்லக்கா. எனக்கு என் வீடு வேணும். அவ்வளவுதான்."

"மறுபடி அப்படித் தோணினா?"

"உன்கிட்ட சொல்றேன்."

"பிஸ்கட்டைப் பத்திக் கேக்காம?"

"கேக்காம."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்திரி போட்ட கை. வலிக்கிறது, விடு என்றாள். விட்டேன்.

மூன்றாவது துப்பாக்கி முதலாவதைவிடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கனம். டுவெய்ன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "இழுக்காதீங்க மேடம். நெஞ்சுக்குக் கிட்ட வச்சுக்கங்க. இடது கையால மேல்பாகத்தைக் கெட்டியாப் பிடிங்க. வலது கையால கைப்பிடிய முன்னால தள்ளுங்க. தள்ளுறதுதான், இழுக்கறதில்ல." தோளை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரே தள்ளு, 'டக்' என்று ஏறியது. கொரீன் அதை மூன்று தரம் செய்து பார்த்தாள். முழங்கைகளை மடித்தபடி, பஸ் கண்ணாடியில் பின்வரிசையைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

பத்து தோட்டா. அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரே இடைவெளி விட்டுச் சுட்டாள். தாளை இழுத்துப் பார்த்தோம். ஒன்பது ஓட்டைகள், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். இரண்டு தடவை எண்ணினேன், ஒன்பதுதான். பத்தாவது, முன்னால் போட்ட ஓட்டை வழியாகவே போனது என்கிறாள் கொரீன். அவளுடைய கோப்பைப் பார்த்தவள் என்ற முறையில் நான் நம்புகிறேன்.

"இன்னொரு பத்து" என்றாள். அதுவும் தட்டுக்குள் விழுந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தத் துப்பாக்கியையே வாங்கினாள். படிவத்தில் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து நிரப்பினாள். பழைய குற்றம் ஏதும் உண்டா என்று போனில் விசாரித்து ஒப்புதல் வர இருபது நிமிஷம். பூட்டு வைத்த இரும்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

"இனிமே சொந்தத் துப்பாக்கி ஆயிடுச்சு மேடம்" என்றார் டுவெய்ன். "எப்ப வேணாலும் தனியாவே வரலாம்."

"செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றாள் கொரீன், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. எனக்கு அது பரிசாகத் தோன்றவில்லை.

வெளியே என் காரில் உட்கார்ந்து கென்ட்டுக்குப் போன் போட்டாள். அவளுக்குப் படம் அனுப்பத் தெரியாது. தாளை நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஸ்பீக்கரில் அவன் வாய்க்குள்ளேயே எண்ணுவது கேட்டது.

"ஒன்பதா?" என்றான்.

"பத்து" என்றாள் அவள். "உங்க பெரியம்மா சாட்சி."

"பெரியம்மா, நிஜமாவா?"

"நிஜம்டா. அவதான் சுட்டா. அவதான் தோட்டா ஏத்தினா."

"சரிம்மா. தேங்க்ஸ்கிவிங்குக்கு நான் அங்க வர்றேன். வான்கோழிய நீ தூக்காத, நான் தூக்கறேன்."

வைத்துவிட்டான். வீடு அவளுடையதாயிற்று. கொரீன் போனை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சாலையைப் பார்த்தாள். ஜெயித்தவள் மாதிரி இல்லை. வேலை முடிந்த மாலையில் பஸ்ஸைக் கழுவிவிட்டு நிற்பவள் மாதிரி இருந்தாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போறியா? பின்ட்டோ பீன்ஸ் இருக்கு. சோள ரொட்டி ஒரு நிமிஷத்துல போட்டுடுவேன்."

மணி ஒன்றரை. என் கண்ணில் புரை. இருட்டினால் வண்டி ஓட்ட முடியாது. அவள் வீடு எதிர்த் திசையில். அவளும் அந்தக் கணக்கைப் போட்டிருப்பாள். போட்ட பிறகுதான், ராத்திரி தங்குவேன் என்று கேட்டிருக்கிறாள். அது எனக்கு லிட்டில் ராக் நகரம் தாண்டிய பிறகுதான் புரிந்தது.

"இன்னொரு நாள் வர்றேன். ரெண்டு நாள் தங்கற மாதிரி."

"ஆமா ஆமா. கண்ணைப் பாத்துக்க."

அவள் தன் வண்டியில் ஏறினாள். இரும்புப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அது நழுவாமல் இருக்க சீட் பெல்ட்டைப் போட்டாள். நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டிகூட இல்லை. இருந்தாலும் வளைவுக்கு நூறு அடிக்கு முன்பே வலது பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டாள். அது அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் இடது பக்கம் திரும்பினேன்.