மலையடி விடுதியின் காடைக்கறி

கல்யாணப் பந்தியில் நேற்று நல்லமிளகு போட்ட காடைக்கறி வாசம் வந்ததுமே அந்தக் காட்டோர விடுதியும் கூடவே கோபமும் ஞாபகம் வந்தன. வெள்ளைக்காரன் போன புதிதில், சங்கரன்கோவிலிலிருந்து பெரிய மனிதர்கள் காரில் வந்து அங்கே சாப்பிடுவார்கள். சமையல் என் அம்மாதான். சரவிளக்கு தொங்கும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் மட்டும் அவள் போகக்கூடாது.

ஒருநாள் காடைக்கறி தின்ற அதிகாரி ஒருவர் சமையல்காரரைப் பார்க்கவேண்டும் என்றார். முதலாளி தன் மச்சினனுக்கு வெள்ளைச்சட்டை மாட்டி நிறுத்தினார். அவன் கூசாமல் பாராட்டை வாங்கிக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து பார்த்த அம்மா, பக்கத்தில் நின்ற சிறுபிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள்.

"ஆக்குனது நான்தாய்யா."

"ஏட்டி, உள்ள போ," என்றார் முதலாளி.

அதிகாரி நிமிரவேயில்லை. மச்சினனிடம், "இன்னொரு காடை வைப்பா," என்றார்.

அம்மா முன்வாசல் வழியாகவே என்னைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். பிறகு அங்கே போகவேயில்லை.

பின்னால் விடுதியையும் இடித்துவிட்டார்கள். அந்தப் பழைய காடைக்கறி ருசி போச்சே என்று ஊரே இன்னும் புலம்புகிறது. பாவிகள், ஆக்கியவள் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை.