ஓவனில் ஒரு நைலான் சுருள்

கல்லூரியில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். எதைக் கையில் எடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள். பொறியியல் மூன்றாம் வருஷத்தில் அவளும் தோழியும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது முப்பரிமாண அச்சு. நைலான் இழையை உருக்கி, மெல்லிய அடுக்கின் மேல் அடுக்காகப் படியவைத்து ஒரு துண்டை எழுப்ப வேண்டும். பிறகு அதை இழுவை இயந்திரத்தில் மாட்டிப் பிய்த்து, எவ்வளவு தாங்கியது என்று பார்க்க வேண்டும்.

தாங்கவே இல்லை. ஒவ்வொரு துண்டும் பிஸ்கட் மாதிரி அடுக்கு பிளந்து விழுந்தது. சூட்டைக் கூட்டினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பொறுப்பாசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அடுத்ததும் இப்படியே போச்சுன்னா தலைப்ப மாத்திக்கோங்கம்மா. மெஷினுக்கு மத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

தோழி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். குடைச்சல் அச்சு இயந்திரத்தின் முன் குனிந்து நின்றாள். வெளியே மழை விட்டபாடில்லை. சூடான முனையிலிருந்து இழை இறங்கும்போது பொட் பொட்டென்று ஒரு சத்தம். முதல் நாளிலிருந்தே இருந்ததுதான். இயந்திரம் என்றால் சத்தம் போடத்தானே செய்யும் என்று விட்டிருந்தார்கள்.

"ஏய், உள்ள தண்ணி கொதிக்குதுடி. அதான் அடுக்கு ஒட்டல," என்றாள்.

நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று இருவரும் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்கள். வாங்கிய கையோடு இழைச் சுருளைத் திறந்த ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். அவ்வளவு கெட்டிக்காரிகள்.

குடைச்சலின் அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். மறுநாள் காலையில் ஓவனைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடி, வயர வேக வைக்கிற?"

"காய வைக்கிறேம்மா. சாயங்காலம் வரைக்கும் தொறக்காத."

"அப்ப என் கேக்க உன் காலேஜ்ல கொண்டுபோய்ச் சுடட்டுமா?"

வாய்தான் அப்படி. அன்றைய கேக்குகளை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

காய்ந்த இழை சத்தமில்லாமல் இறங்கியது. மறுநாள் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, துண்டை மாட்டி இழுத்தார்கள். பழைய துண்டுகள் விட்டுப்போன இடத்தைத் திரையில் எண் தாண்டியது. தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எண் ஏறிக்கொண்டே போனது. துண்டின் நடுப்பகுதி வெளுத்தது, கொஞ்சம் நீண்டது, கடைசியில்தான் அறுந்தது.

அடுக்கோடு பிளக்கவில்லை, குறுக்கே கிழிந்திருந்தது. குடைச்சல் அதை எடுத்து நகத்தால் வருடிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வந்து படிந்த அத்தனை இழைகளும் எது எதுவென்று தெரியாமல் ஒரே உடம்பாகியிருந்தன. தன் கையால் நடந்ததா இது என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

ஆசிரியர் அதை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "நீங்க இன்னொன்னு போடுங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன்."