காலால் நிறுத்திய சைக்கிள்

அத்தானின் பழைய செருப்புச் சோடி என் குசினி வாசலில் கிடக்கிறது. இடது செருப்பு நல்லாயிருக்கிறது. வலதில் குதிப் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. அவர் என் அக்காவின் கணவர். அக்கராயனில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். விரல் மூட்டுகள் வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கிய காலத்தில், சைக்கிள் பிறேக்கை அவரால் அமத்த முடியாமல் போனது. வலது காலை நிலத்தில் தேய்த்துத்தான் நிறுத்துவார். வாசல் படலையடியில் கிறவல் மண் உரசுகிற சத்தம் கேட்டால் அக்கா சோற்றைப் போடுவா.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். இடம்பெயர்வில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, பயம் மட்டும் நிற்கவில்லை. மின்னல், வரம்பில் பாம்பு, பிந்தி வருகிற பஸ், எல்லாவற்றுக்கும் பயம். "மச்சாள், உன்ர பயத்தைக் குளத்தில மறிச்சுக் கட்டினா மூண்டு போகம் விதைக்கலாம்" என்பார் அத்தான். அதனால், அத்தானுக்கு இருமல் விடுகிறதில்லை, பின்னேரத்தில் உடம்பு சுடுகிறது, சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகுகிறது என்று நான் சொன்னதெல்லாம் என்னுடைய இன்னொரு பயமாகவே போயிற்று.

வவுனியாவில் ஒரு தனியார் டொக்டரிடம் மூன்று பேருமாய்ப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். மூட்டுவாதக்காரரின் இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் பொருள் இவருக்கும் இருக்கிறது, பொசிட்டிவ் என்றார் டொக்டர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவில்லை.

"டொக்டர், இவருக்கு இருமலும் கிடக்கு" என்றேன்.

"நெல்லுத் தூசியா இருக்கும்."

"பின்னேரத்தில காய்ச்சலும்..."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்கள்?"

"எட்டு."

"அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

அக்கா மேசைக்குக் கீழே என் தொடையில் நுள்ளினா. திரும்பி வருகையில் பஸ்ஸில் அத்தான் சிரித்துச் சிரித்து இருமினார். "டொக்டரையே பயப்படுத்திப்போட்டாய், மச்சாள்."

மூட்டுவாதத்துக்கு அந்த டொக்டர் தந்த குளிசை வேலை செய்தது. அதுதான் கொடுமை. அது ஸ்டீரொயிட் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். வீக்கம் வற்றியது, கன்னம் உப்பியது, இரண்டாம் தரம் சோறு கேட்டார். ஒருநாள் முற்றத்தைச் சுற்றிச் சைக்கிள் ஓடி வந்து, கையாலேயே பிறேக் பிடித்து நிறுத்திக் காட்டினார். செருப்புகளைக் கழற்றி, "இனி உங்களுக்கு வேலையில்லை" என்று வேலிக்கு மேலால் என் வளவுக்குள் எறிந்தார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது, விடவேயில்லை. சளியில் இரத்தம் வந்த அன்று பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். காசநோய். இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது. நெஞ்சு வருத்தம் பார்க்கிற டொக்டர் பழைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "காசநோய்க்காரருக்கும் இது பொசிட்டிவ் எண்டு வரலாம். இதை மட்டும் வைச்சு மூட்டுவாதம் எண்டு முடிவெடுக்கேலாது. நெஞ்சுப் படம் எடுத்து, சளியையும் பாத்திட்டெல்லோ அந்தக் குளிசையைத் தொடங்கியிருக்கோணும். அது உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுப்போடும்." சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏன் இவ்வளவு நாளும் வீட்டில வைச்சிருந்தனீங்கள்?"

காசநோய்க் குளிசை தொடங்கினார்கள். அத்தான் எழும்பவில்லை. செத்த வீட்டிலும் அதே கதைதான். "பிந்தித்தான் கொண்டுபோயிருக்கினம், பாவம்."

நாங்களா பிந்தினோம்? அக்கராயனிலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் நின்றபடி போய், வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து, சொன்ன குளிசையைச் சொன்ன நேரத்துக்குப் போட்டவர்கள் நாங்கள். அது என்ன வருத்தமென்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியது என் வேலையுமில்லை. இருமுகிறார் என்று சொன்னேன். இருமலைக் காதால் கேட்டுச் சொல்ல எட்டாம் வகுப்புக் காணாதா? என்னை எத்தினையாம் வகுப்பு என்று கேட்ட நேரத்தில், சளி துப்ப ஒரு போத்தல் கொடுத்திருக்கலாம்.

நேற்று அக்கா வேலிக்கு அங்கால் நின்று என் வாசலைப் பார்த்தா. "உந்தச் செருப்பை இன்னும் வைச்சிருக்கிறியோ? எறியடி."

"அத்தான் ஒருக்கா எறிஞ்சதே போதும்" என்றேன்.