கடைசி வரிசைக்கு எட்டாத குரல்

அந்தச் சின்னப் பெண் பள்ளியை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. வேன் ஓட்டும் அவளுடைய அப்பா டி.சி.யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்குத் தானே நடந்துபோய் மகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். இரண்டாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்றிருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் அவள் அவரிடம், பொண்ணுக்குக் கவனமே இல்லை, நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்று செய்கிறாள் என்று குறைப்பட்டிருந்தாள்.

"கவனிக்கிற எடமா பாத்து சேத்துக்கறேன் டீச்சர்" என்றார் வேன்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் மரியாதையாகச் சொன்னார். அதுதான் முள்ளாகத் தைத்தது.

பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குக் 'கணீர் டீச்சர்' என்றுதான் பெயர். தொண்டை அப்படி. இவள் வாய்ப்பாடு சொன்னால் நாலாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும் என்பார் பி.டி. சார். நம் வீட்டுச் சண்டைக்குத் தெருமுனையிலிருந்து சமாதானம் பேச வருகிறார்கள் என்று கணவர் அலுத்துக்கொள்வார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வகுப்பறையும் அவள் அடம்பிடித்து வாங்கியது. ஈரம் ஏறிய சுவரில் சாய்ந்த பிள்ளைகள் முதுகெல்லாம் சுண்ணாம்பாக வீட்டுக்குப் போனதைப் பொறுக்காமல், எச்.எம். மேடத்தை நச்சரித்தாள். மேடம் ஊரில் பெரிய டைல்ஸ் கடைக்காரரைப் பிடித்தார். அவரும் கஞ்சத்தனம் இல்லாமல் தரை முதல் கூரை வரை பளபளவென்று ஒட்டிக்கொடுத்தார். வாசலில் அவர் பெயரோடு கல்வெட்டு. பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று வாயாரப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த வகுப்பு அடங்காத வகுப்பு ஆனது. ஒரு நாற்காலி நகர்ந்தால் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. நாலு பேர் முணுமுணுத்தால் சந்தை கூடியது. டீச்சர் குரலை ஏற்றினாள். போதவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் ஒன்றை வாங்கிவந்தாள். சத்தம் கூடியதே தவிர, பின்வரிசைப் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தன. அதைத்தான் அவள் கவனக்குறைவு என்று முடிவுகட்டியிருந்தாள்.

சின்னப் பெண் போன சில நாட்களில் டீச்சருக்குத் தொண்டை கட்டியது. வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். வீட்டில் இருக்க முடியாமல் பள்ளிக்கு வந்தாள். பாடத்தைப் பி.டி. சார் வாசித்தார், அவள் கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த குட்டி நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்தாள்.

பி.டி. சார் குரல் வந்தது. சொல் வரவில்லை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்தது. சுவரில் மோதி வந்த பழைய வாக்கியம் புது வாக்கியத்தை மூடியது. பாடம் தெரிந்திருந்ததால் அவளால் ஒப்பேற்ற முடிந்தது. தெரியாமல் இருந்தால்? கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. அவளும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

சத்தத்தை உறிஞ்சச் சுவரில் பஞ்சோ துணியோ மாட்ட வேண்டும் என்று எச்.எம். மேடத்துக்குத் தாளில் எழுதிக் காட்டினாள். டைல்ஸை மறைத்தால் கொடுத்த மனுஷன் என்ன நினைப்பார் என்று மேடம் பதறினார். "வேணும்னா நீயே போய்க் கேளு. அந்தப் பழி என் தலையில விழ வேண்டாம்."

தொண்டை திறந்ததும் டைல்ஸ் கடைக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரருக்குப் போன் வந்தது. அவர் எழுந்து விறுவிறுவென்று தெருவுக்குப் போய், பஸ்களுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு வந்தார்.

"இவ்வளவு பஸ் சத்தத்துல ஏன் சார் வெளிய போய்ப் பேசுறீங்க?"

"உள்ள நின்னு பேசினா அந்தப் பக்கம் ஒண்ணும் புரியலங்கறாங்கம்மா. சுத்தி டைல்ஸ் இல்லையா, மோதி மோதித் திரும்புது."

"நீங்க எழுந்து வெளிய போயிடறீங்க சார். என் பிள்ளைங்க எழுந்தா, உக்காருன்னு நான் அதட்டுறேன்."

கடைக்காரர் தன் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளச் சொன்னார். "கல்வெட்ட மட்டும் மறைச்சிடாதீங்க. வீட்டம்மா பாக்க வருவாங்க."

பழைய மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்து, மரச்சட்டங்களில் அடைத்து, மேலே சாக்குத்துணியை இழுத்துக் கட்டினார்கள். தன் மெத்தையும் போய்விட்டதே, இனி எங்கே படுப்பது என்று புலம்பியபடியே கணவர் சைக்கிள் டியூபை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டினார். பின்சுவரில் மட்டும் மாட்டியபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மேடம், நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல் பார்த்தார். டீச்சர் விடவில்லை. பக்கச் சுவருக்கும் கூரைக்கும் சட்டம் அடித்தாள். ஏணியில் பி.டி. சார் ஏறினார்.

மறுநாள் மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் கதையை ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் கதையில் சிரிப்பு வரும் இடத்தில் கடைசி வரிசை, முன்வரிசை சிரிப்பதைப் பார்த்து அப்புறம் சிரிக்காமல், அதோடு சேர்ந்தே சிரித்தது.

அன்று சாயங்காலமே வேன் ஸ்டாண்டுக்குப் போனாள். கோளாறு அறையில்தான், சுவரில் பஞ்சு மாட்டிச் சரிசெய்துவிட்டேன், பெண்ணைத் திரும்ப அனுப்புங்கள் என்றாள். வேன்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னிக்குப் பொண்ணு மேல கோளாறுன்னீங்க. இன்னிக்குச் செவுத்து மேலங்கறீங்க. நாளைக்கு?"

"நாளைக்கு அதுவும் தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கும் வந்து சொல்வேன். அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அவ கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. என் குரல்தான் அவகிட்டப் போய்ச் சேரல."

அவர் வண்டியை எடுத்தார். அதன்பின் இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் சவாரி இருக்கிறது என்றார். தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்து, அதேபோல் எதிரொலித்த மூன்றாம் வகுப்புக்குச் சட்டம் அடித்தாள்; நாலாம் வகுப்புக்கு மெத்தை கேட்டு வீடு வீடாக அலைந்தாள்.

அடுத்த வருஷம் பரீட்சை நெருங்கும் சமயத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"டீச்சர், வேன் ஓட்டுறவன் பேசுறேன். பாப்பாவுக்குக் கவனம் இல்லன்னு இந்தப் புதுப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிட்டாங்க. இன்னிக்கு நானே போய் அவ எடத்துல உக்காந்து பாத்தேன். ஒண்ணும் புரியல. எடுத்துச் சொன்னா சிரிக்கிறாங்க. பாப்பாவ அங்க கூட்டிட்டு வரட்டுமா, இல்ல நீங்க இங்க வந்து பஞ்சு மாட்டித் தருவீங்களா? எதுன்னாலும் சரி, காலையில வண்டியோட வந்து நிக்கறேன்."